லெந்து காலத்து நீர் மாத்திரை

1

குளிர் முழுதாக விலகாத மார்ச் மாதத்தில்தான் வருஷாவருஷம் இதய மருந்துகள் பாடம் என் தலையில் வந்து விழும். அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, பிறகு நர்சிங் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்தவள் நான். பெயர் லீலா. ஆனால் இங்கே என்னை அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது. எல்லோருக்கும் நான் மிஸ்ஸஸ் பொன்னையா.

பொன்னையா என் கணவர் அல்ல, என் அப்பா. வந்த புதிதில் பதிவு அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கட்டம் காலியாக இருந்தால் கணினி ஏற்றுக்கொள்ளாது என்றார் அந்த அம்மாள். சரி என்று அப்பாவை எழுதிக்கொடுத்தேன். அதிலிருந்து பள்ளிக்கூடமானாலும் விமான நிலையமானாலும், ஆளுக்கொரு பெயரோடு நிற்கிற நானும் கணவரும் மகளும் ஒரே வீட்டு ஆட்கள்தான் என்று சாதிக்க வேண்டியிருந்தது. இதைக் கேட்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"விக்கிரமசிங்கபுரம் மில்லத் தாண்டி எங்கயும் போகாத மனுசன்ட்டி அப்பா. இப்பம் பாரு, அயர்லாந்துல வேலை பாக்காரு."

அண்ணன் ஜெபராஜ் பாளையங்கோட்டையில் இருக்கிறான். ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதெல்லாம் அவனுக்கு இரண்டாம் பட்சம். கோவில் பாடகர் குழுவில் பேஸ், அதாவது கீழ்க்குரல், பாடுகிறவன் என்பதுதான் அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. நாங்கள் கோவில் என்றால் சர்ச். சில வருஷங்களுக்கு முன்னால் அவனுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டான், ஆனால் இதயத் தசையின் பலம் பாதியாகிவிட்டது. அன்றிலிருந்து கைநிறைய மாத்திரை. ஒவ்வொன்றின் பெயரும் நிறமும் எனக்கு அத்துப்படி.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசுவோம். "மாத்திரை போட்டியா அண்ணே?" என்பதுதான் என் முதல் கேள்வி. "போட்டாச்சு, போட்டாச்சு" என்பான். உடனே பேச்சு மழைக்கோ, ஆற்றில் தண்ணீர் வந்ததற்கோ மாறிவிடும்.

2

இந்தப் பாடத்தில் ஓரிடத்தில் பிள்ளைகள் எப்போதும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். இந்த வருஷம் ஈஃபா என்ற பெண் கேட்டாள்: "இதயமே பலவீனமாக இருக்கிறது. அதன் துடிப்பைக் குறைக்கிற மாத்திரையை ஏன் கொடுக்கிறோம்? விரட்டித்தானே வேலை வாங்க வேண்டும்?"

நியாயமான கேள்வி. நானும் படிக்கிற காலத்தில் கேட்டதுதான். இதயம் உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்புவது சுருங்கும்போது. தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது தளரும்போது. ஓயாமல் விரட்டினால் அது நிரம்பவும் நேரமில்லை, சாப்பிடவும் நேரமில்லை. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வாங்கிக்கொடுக்கிறது அந்த மாத்திரை. இன்னொரு மாத்திரை இரத்தக் குழாய்களைத் தளர்த்தி, தள்ளுகிற பாரத்தைக் குறைக்கிறது. நீர் மாத்திரை, தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக வெளியே அனுப்புகிறது. அது போகாவிட்டால் முதலில் காலில் நிற்கும், பிறகு நுரையீரலுக்கு ஏறும். மடை அடைத்துக்கொண்டால் வாய்க்கால் தண்ணீர் பின்னுக்கு ஏறி வரப்பை முட்டுமே, அதுபோல. இந்த உதாரணத்தை மட்டும் வகுப்பில் சொல்வதில்லை. தாமிரபரணி வாய்க்காலைப் பார்க்காத பிள்ளைகளுக்கு மடை என்றால் என்னவென்று தெரியாது.

ஈஃபா விடவில்லை. "மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால் எல்லா நோயாளியும் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது?"

"தினமும் எடை பார்க்கச் சொல்லுங்கள். காலை அழுத்திப் பாருங்கள். எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார்கள் என்று கேளுங்கள்," என்றேன். எல்லாம் தெரிந்தவள் போல.

அன்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நான் படித்த காலம் ஞாபகத்துக்கு வந்தது. மருந்துப் பெயர்கள் வாயில் நுழையாமல் நான் திண்டாடியபோது, அண்ணன் அவற்றுக்கு மெட்டுப் போட்டுத் தந்தான். கோவில் பாட்டை டோ, ரே, மீ என்று ஸ்வரம் பிரித்துப் பழகுவதைப் போல, டிஜாக்சினை இழுத்து இழுத்துக் கீழ்ஸ்தாயியில் பாடுவான். அர்த்தம் ஒன்றும் தெரியாது அவனுக்கு. "இது என்ன செய்யும்ட்டி?" என்பான். "துடிப்பைக் குறைக்கும், ஆனா பலமாத் துடிக்க வைக்கும். கொடுக்கிறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் முழுசா நாடி எண்ணணும். ரொம்பக் குறைஞ்சிருந்தா கொடுக்கக்கூடாது, டாக்டர்கிட்ட கேக்கணும்." உடனே கையை நீட்டுவான். "எண்ணு." நாடி எண்ணப் பழகியது அவன் மணிக்கட்டில்தான். இரவல் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு நான் முதன்முதலில் கேட்ட இதயமும் அவனுடையதுதான். லப் டப் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது யாரோ பக்கத்து அறையில் நிதானமாக நடக்கிற சத்தமாகக் கேட்டது. "என்ன சொல்லுது?" என்று கேட்டான். "பசிக்குதாம்," என்றேன். இரண்டு பேரும் சிரித்ததில் எண்ணிக்கை தவறிப்போனது.

எத்தனையோ நெஞ்சில் காது வைத்தாகிவிட்டது. அந்த முதல் சத்தம் மட்டும் இன்னும் தனியாக நிற்கிறது.

3

என் மகள் ரூத் வேறு ஊரில் தங்கி நர்சிங் படிக்கிறாள். நான் சொல்லி அவள் அதை எடுக்கவில்லை. நான் சொல்லி அவள் எதையும் செய்து வெகுநாளாயிற்று. கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கட்டாயப்படுத்தினால் வருகிற தமிழில் பெரியவர் சின்னவர் கிடையாது. மாத்திரையை "குடிக்கணும்" என்பாள், அவள் அப்பாவை "நீ வந்துச்சா" என்பாள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். பிள்ளை கைவிட்டுப் போகிறாள் என்று எனக்கு உள்ளூர ஒரு துக்கம் இருந்துகொண்டே இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமான லெந்து நாட்கள் பாதி கடந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "இதய மருந்து சாப்பிடுகிற ஒருவரிடம் பேசி எழுத வேண்டும். மாமாவிடம் பேசலாமா?" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். "நானே எல்லாம் சொல்கிறேனே, எழுதிக்கொள்" என்றேன். "உன் இதயம் இல்லையே அம்மா," என்றாள்.

அடுக்களை மேசையில் போனை நிறுத்திவைத்துக் கூப்பிட்டாள். நான் படத்தில் விழாமல் அடுப்புப் பக்கம் நின்று உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏ மருமவளே!" அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "மாமன் நெனப்பு இப்பந்தான் வந்துச்சா?"

"மாமா, நான் கேள்வி கேக்கணும். ஹோம்வொர்க்."

"கேளு தாயி."

மாத்திரை போட்டீர்களா என்று அவள் கேட்கவே இல்லை. தடுமாறித் தடுமாறி இப்படிக் கேட்டாள்: "உங்க சண்டே சொல்லுங்க. எந்திரிச்சதுல இருந்து. எல்லாம்."

அண்ணன் உற்சாகமாக ஆரம்பித்தான். விடிகிறதுக்கு முன்னால் எழுந்திருப்பது, குளிப்பது, கஞ்சி போட்ட வேட்டி, வீட்டில் ஒரு ஜெபம், பாடகர் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடப்பது, பாட்டு, பிரசங்கம், அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து. பிறகு வீட்டுக்கு வந்து இட்லி.

"மாத்திரை எங்க மாமா? அதுல வரல."

 நான் கருப்பட்டி தட்டுவதை நிறுத்தினேன்.

"திருவிருந்து அன்னைக்குப் பச்சத்தண்ணி பல்லுல படாம போறது நம்ம வழக்கம்லா தாயி," என்றான் அண்ணன் மெதுவாக.

"அப்ப சண்டே மட்டும் மாத்திரை இல்லையா?"

"லெந்துல தெனமும் மத்தியானம் வரைக்கும் உபவாசம். மத்த மாத்திரைய மத்தியானக் கஞ்சிக்குப் பொறவு போட்டுருதேன். அந்த நீர் போற மாத்திர இருக்குல்லா, சவம், அதப் போட்டா மூணு நாலு மணி நேரத்துக்கு ஓடிக்கிட்டே இருக்கணும். சாயங்காலம் லெந்துக் கூட்டம், பொறவு பாட்டுப் பழக்கம். பாடகர் எல்லாம் முன்னால உக்காந்திருக்கோம். சபை பூரா பாக்கும். நடுவுல எந்திச்சு எந்திச்சு போக முடியுமா? அதான் லெந்து முடியட்டும்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

"போன வருஷமும்?"

"வருசா வருசந்தான்."

 ஒவ்வொரு ஞாயிறும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷமாகக் கிடைத்த "போட்டாச்சு"க்கு இதுதான் அர்த்தமா? போனைப் பிடுங்கப் பாய்ந்தேன். ரூத் என்னைப் பார்க்காமலே ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமா, எத்தனை பில்லோ?"

"என்னது?"

"தலையணை," என்றேன் நான்.

"ஓ, உங்கம்மையும் அங்கனதான் நிக்காளா? குட்டு வெளிப்பட்டுட்டு." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு இருமலில் முடிந்தது. "முன்ன ஒண்ணு. இப்பம் மூணு. சாஞ்சுக்கிட்டே தூங்குதேன்."

"காலைக் காட்டுங்க."

மதினி, அண்ணன் மனைவி, போனை வாங்கிக் கீழே பிடித்தாள். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. ரூத் சொல்லச் சொல்ல மதினி கணுக்கால் மேல் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன் அம்மாட்ட சொல்லல மாமா?"

"அவ பாடம்லா எடுப்பா."

4

அடுத்த ஒரு மணி நேரம் நான் கத்தியதை இங்கே எழுதப்போவதில்லை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்துகொண்டு கத்துவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? லீவுக்கு மேலதிகாரிக்கு எழுத வேண்டும், அவர் மனிதவளப் பிரிவுக்கு எழுத வேண்டும், அண்ணன் என்பவன் நெருங்கிய உறவா என்று அவர்கள் விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குள் அங்கே நுரையீரலுக்குத் தண்ணீர் ஏறிவிடும். அந்த நேரத்தில் எனக்கு இந்த ஊரும் பிடிக்கவில்லை, நானும் பிடிக்கவில்லை.

ரூத்தான் காரியத்தைப் பார்த்தாள். மதினியிடம் பேசி அன்றைக்கே அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வைத்தாள். ஊசி போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து, தண்ணீரை இறக்கி அனுப்பினார்கள். நீர் மாத்திரையைக் காலையும் மத்தியானமும் போட வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டுவிட வேண்டும் என்றார் டாக்டர். "இன்னொரு வாரம் விட்டிருந்தா தூக்கிட்டுத்தான் வந்திருப்பீங்க" என்றாராம். மதினி அதை அண்ணனுக்குக் கேட்காமல் மாடிப்படிக்குப் போய் நின்று என்னிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தவன் மறுபடியும் உபவாசத்தைப் பிடித்துக்கொண்டான். மாத்திரையை விழுங்க ஒரு வாய் தண்ணீர் வேண்டுமே, அது விரதத்தை முறிக்காதா என்று ஆரம்பித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரூத், "யார்ட்ட கேக்கணும் மாமா?" என்றாள். "ஐயர்ட்டதான் கேக்கணும்" என்றான். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் வீட்டுக்கே வந்து சொன்னதை மதினி அப்படியே சொல்லிக்காட்டினாள்:

"ஜெபராஜ் அண்ணாச்சி, நானே பிரஷர் மாத்திரையப் போட்டுட்டுத்தான் பீடத்துக்கு ஏறுதேன். மாத்திரை போசனத்துல சேராது. பேசாம போடும்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? அண்ணன் மாத்திரையைப் போட ஆரம்பித்தான், ஆனால் ஆராதனை நேரத்து மாத்திரைக்கு மட்டும் பிடி கொடுக்கவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. உபவாசம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி வெட்கம். ஆராதனை நடுவில் அத்தனை பேர் பார்க்க எழுந்துபோக அவனால் முடியாது. பாடகர் பெஞ்சில் உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவன் அப்படிப் போனதில்லை. பெரிய வெள்ளி, அதாவது புனித வெள்ளி, வேறு வந்துகொண்டிருந்தது. அன்று பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி நேர ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பாட்டு. ஐந்தாம் வார்த்தைக்கு, தாகத்தைச் சொல்கிற வார்த்தைக்கு, பாட்டில் முதல் இரண்டு வரி பேஸ் மட்டும்தான். அதை அண்ணன்தான் எடுத்துக்கொடுப்பான்.

மத்தியான மாத்திரை சரியாக அந்த நேரத்தில் விழுகிறது. "அன்னைக்கு மட்டும் தள்ளிப் போடலாமான்னு டாக்டர்ட்ட கேளு" என்றேன். "பாப்போம்" என்றான். அந்த "பாப்போம்" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஒன்றை விட்டவன் அடுத்ததையும் விடுவான், இந்த லெந்தும் பழைய லெந்தாகிவிடும்.

ரூத்துக்கு மட்டும் காலையில் அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வரும். எடையை வாயால் சொல்லாமல், மருந்துப் பெயரைப் பாடிய அதே கீழ்ஸ்தாயியில் பாடி அனுப்புவான். "அறுபத்தொம்போ...து." அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு காலேஜுக்கு நடப்பாளாம். நானும் அவளும் பேசிக்கொள்வது அதிகமாகவில்லை. ஆனால் தமிழில் எண்கள் அவளுக்குச் சரளமாகிவிட்டன. எடை இறங்க இறங்க எண்களும் மாறியதால் நிறையவே கற்றுக்கொண்டாள்.

5

பெரிய வெள்ளி. அங்கே நடுப்பகல் என்றால் இங்கே காலை. காலேஜ் விடுமுறை என்று ரூத் வந்திருந்தாள். கோவில் ஆராதனையை இப்போது இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்கள். நான் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு ரூத்தும் வந்து சோபாவின் மறுமூலையில் சுருண்டுகொண்டாள். "மாமா பாட்டுக்கு மட்டும்தான்," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

கேமரா மாடியிலிருந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பீடம், பிரசங்க மேடை, வலப்பக்கம் வெள்ளை அங்கியில் பாடகர்கள். கடைசி வரிசை ஓரத்தில் அண்ணன். முகம் தெளிவாகத் தெரியவில்லை, வழுக்கையை வைத்துத்தான் அடையாளம். மாத்திரை போட்டானா என்று காலையிலிருந்து நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்த பிறகு எதற்குக் கேட்பது? அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற இருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை முடிந்தது, இரண்டு முடிந்தது, மூன்றும் முடிந்தது. அவன் அசையவில்லை. போடவில்லை, எனக்கு நிச்சயமாகிவிட்டது. 

நான்காம் பிரசங்கம் பாதியில் இருந்தது. மேடையில் ஐயர் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். சபை முழுவதும் தலை கவிழ்ந்திருந்தது. அப்போது கடைசி வரிசை ஓரத்தில் ஒரு வெள்ளை அங்கி எழுந்தது.

எழுந்தது அண்ணன். ஒரு கணம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அங்கியை முழங்காலுக்கு மேல் லேசாகத் தூக்கிக்கொண்டு, பீடத்தின் முன்னால், சபை முழுவதன் முன்னால், பைய நடந்து பக்கவாசல் வழியாக வெளியே போனான். முதல் வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பியது இங்கிருந்தே தெரிந்தது.

"அம்மா!" ரூத் போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். "மாமா மாத்திரை குடிச்சிருக்கார்!"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். பெரிய வெள்ளி ஆராதனையின் நடுவில் ஒரு மனிதன் சிறுநீர் கழிக்கப் போவதைப் பார்த்து இரண்டு பொம்பளைகள் கட்டிப்பிடித்துக்கொண்ட வீடு உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிரசங்கம் முடிந்தது. ஜெபம் முடிந்தது. ஐந்தாம் வார்த்தைக்கு வேறொருவர் மேடை ஏறி, சுருக்கமாகப் பேசி இறங்கினார். அந்த ஓர இடம் காலியாகவே இருந்தது. வெளியே வெயில், காலையிலிருந்து வெறும் வயிறு, எழுந்து நின்றால் தலை சுற்றுகிற மாத்திரைகள். கழிப்பறையில் விழுந்திருந்தால்? ரூத்தின் கை என் கைக்குள் வந்து இறுகியது. அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள். அவளும் நர்ஸாகிக்கொண்டிருக்கிறாள் அல்லவா?

ஆர்கன் தொடங்கியது. பாடகர்கள் எழுந்து நின்றார்கள். அண்ணன் எடுத்துக்கொடுக்க வேண்டிய இடத்தில் ஆர்கன்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டு, தொடக்கத்தையே இன்னொருமுறை வாசித்தார். பக்கவாசல் திறந்தது. ஈரக்கையை அங்கியில் துடைத்துக்கொண்டு, அவசரப்படாமல், வந்த வழியே அத்தனை பேர் முன்னாலும் நடந்து, தன் இடத்தில் போய் நின்றான் அண்ணன். மூச்சை இழுத்தான். பாடினான். நடுவில் மூச்சு வாங்காமல் இரண்டு வரியையும் பாடினான்.

நாங்கள் இரண்டு பேரும் ஆராதனை முடியும்வரை எழுந்திருக்கவில்லை. பாட்டுக்கு மட்டும் என்று வந்தவள் மூன்று மணி நேரமும் இருந்தாள். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அவள் போனுக்குக் குரல் செய்தி வந்தது. ரூத் அதை எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"மருமவளே, டாக்டர்ட்ட கேக்கலாம்னுதான் போனைக் கையில எடுத்தேன். கேட்டா தள்ளிப் போடச் சொல்லியிருப்பாரு. பொறவு அடுத்த ஞாயிறும் தள்ளச் சொல்லும் மனசு. அதான் போட்டுட்டுப் போனேன். கால் கொஞ்சம் நடுங்குச்சு. சபை பூரா பாத்துச்சு."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இரைப்பு இல்லாத, நிதானமான மூச்சு.

"பாத்தா பாத்துட்டுப் போட்டும், தாயி."